வாசகர் கேள்வி – பதில்: வெம்ப்ளியில் வென்ற வெண்கலம்

ஒலிம்பிக் இறகுப்பந்தில் ரஷ்யா பதக்கம் பெற்றதுண்டா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். 2012 லண்டன் போட்டியில், வெம்ப்ளி அரங்கில், பெண்கள் இரட்டையர் பிரிவில் வலேரியா சொரோகினாவும் நீனா விஸ்லோவாவும் வென்ற வெண்கலம் ஒன்றுதான் உண்டு என்று இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்தப் பதில் போதவில்லை என்று சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் கடிதங்கள் வந்திருப்பதால், இம்முறை பகுதி முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கப்படுகிறது.

ஐயா, அந்தப் போட்டியில் நான்கு ஜோடிகள் தகுதி நீக்கம் செய்யப்பட்டதால்தானே ரஷ்யப் பெண்களுக்குப் பதக்கம் கிடைத்தது? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைச் சாதனை என்று எழுதலாமா?
– கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி

தகுதி நீக்கம் நடந்தது உண்மை. ஆனால் அதற்கும் பதக்கத்துக்கும் நடுவே மூன்று ஆட்டங்கள் இருந்தன என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆகவே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒலிம்பிக் இறகுப்பந்தில் குழுச் சுற்று என்ற முறை முதன்முதலாகக் கொண்டுவரப்பட்டது லண்டனில்தான். பெண்கள் இரட்டையரில் பதினாறு ஜோடிகள், நான்கு குழுக்கள், ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு இடம் பெறுவோர் காலிறுதிக்குச் செல்வார்கள் என்பது ஏற்பாடு. சொரோகினா – விஸ்லோவா ஜோடி விழுந்த 'ஏ' குழு எளிதானதன்று. முந்தைய ஆண்டு இதே வெம்ப்ளி அரங்கில் உலகப் பட்டம் வென்ற சீனாவின் வாங் சியாவ்லி – யூ யாங் ஜோடியும், தென்கொரியாவின் ஜங் க்யங்-அன் – கிம் ஹா-நா ஜோடியும், கனடாவின் அலெக்ஸ் புரூஸ் – மிஷெல் லீ ஜோடியும் அதில் இருந்தனர். ரஷ்யப் பெண்கள் கனடாவை வென்று, சீனாவிடமும் கொரியாவிடமும் தோற்று, மூன்றாம் இடத்தில் நின்றார்கள். வழக்கமான கணக்குப்படி அவர்களுடைய ஒலிம்பிக் அத்துடன் முடிந்திருக்க வேண்டும்.

சிக்கல் ஜூலை 31 அன்று மாலை தொடங்கியது. சீனாவும் கொரியாவும் மோத வேண்டிய கடைசிக் குழு ஆட்டத்துக்கு முன்பே இரண்டு ஜோடிகளும் காலிறுதிக்குத் தகுதி பெற்றுவிட்டன. அதே நேரத்தில் 'டி' குழுவில் சீனாவின் மற்றொரு ஜோடியான தியான் சிங் – ஜாவ் யுன்லெய், டென்மார்க்கிடம் தோற்று இரண்டாம் இடத்துக்கு இறங்கியிருந்தது. 'ஏ' குழுவில் முதலிடம் பெற்றால் சொந்த நாட்டு ஜோடியையே இறுதிக்கு முன்னதாகச் சந்திக்க நேரிடும் என்பதால், வாங்கும் யூவும் தோற்கத் தீர்மானித்தார்கள். கொரியப் பெண்களும் அதையே விரும்பியதாகத் தெரிந்தது. சர்வீஸை வேண்டுமென்றே வலையில் அடிப்பதும், ஷட்டில் என்னும் இறகுப்பந்தைக் கோட்டுக்கு வெளியே தள்ளுவதுமாக ஆட்டம் நடந்தது. அந்த ஆட்டத்தின் மிக நீண்ட ரேலியில் (ஷட்டில் கீழே விழும்வரை இரு பக்கமும் மாறி மாறி அடிப்பது) நான்கு அடிகள் மட்டுமே இருந்தன. அரங்கில் இருந்தவர்கள் கூச்சலிட்டார்கள். அதன்பின் 'சி' குழுவில் கொரியாவின் ஹா ஜங்-அன் – கிம் மின்-ஜங் ஜோடியும் இந்தோனேசியாவின் கிரேசியா பொலீ – மெயிலியானா ஜவுஹரி ஜோடியும் அதே பாதையில் போனார்கள். மறுநாள் ஆகஸ்ட் 1 அன்று, வெல்வதற்கு முழு முயற்சி எடுக்கவில்லை என்றும், விளையாட்டுக்கு இழுக்கு ஏற்படும்படி நடந்துகொண்டார்கள் என்றும் கூறி, உலக இறகுப்பந்து சம்மேளனம் எட்டுப் பேரையும் வெளியேற்றியது. காலியான நான்கு இடங்களுக்கு 'ஏ' குழுவிலிருந்து ரஷ்யாவும் கனடாவும், 'சி' குழுவிலிருந்து ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் அழைக்கப்பட்டன.

மூட்டை கட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டிய சொரோகினாவும் விஸ்லோவாவும் அன்றே காலிறுதி ஆடினார்கள். தென்னாப்பிரிக்க ஜோடியை 21–9, 21–7 என்று வென்றார்கள். அரையிறுதியில் எதிரே வந்தது, பிறகு தங்கம் வென்ற தியான் – ஜாவ் ஜோடி. முதல் கேமை 19–21 என்று மிக நெருங்கிவந்து இழந்தார்கள். இரண்டாவது கேம் 6–21. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் தங்கள் குழுவிலேயே இருந்த கனடாவை மீண்டும் சந்தித்து, 21–9, 21–10 என்று முடித்தார்கள்.

எனவே என் தீர்ப்பு இதுதான்: வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது, பதக்கத்தை அவர்கள் ஆடித்தான் பெற்றார்கள். அதே நாளில் அதே வாய்ப்பு வேறு மூன்று ஜோடிகளுக்கும் கிடைத்தது என்பதை நினைவில் வையுங்கள். அந்த நான்கு ஜோடிகளில் யார் பதக்கத்துடன் திரும்பினார்கள் என்பது தற்செயலாக முடிவானதன்று. அந்த ஆண்டுக்கு முன்பே ஐரோப்பாவில் தன் பெயரை நிலைநாட்டிய ஒரு ஜோடி அவர்களில் இருந்தது.

அப்படியானால், லண்டனுக்கு முன் அவர்கள் என்ன செய்திருந்தார்கள்? இந்தியப் பத்திரிகைகளில் இவர்கள் பெயரை நான் பார்த்ததே இல்லை.
– வணிகர், செவ்வாய்ப்பேட்டை

பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. இறகுப்பந்துச் செய்தி என்றால் நம் பத்திரிகைகள் ஒற்றையரைத்தான் எழுதும். அதிலும் ஐரோப்பியர் என்றால் டென்மார்க்கைத் தாண்டமாட்டார்கள்.

சொரோகினா 1984-இல் பிறந்தவர், விஸ்லோவா 1986-இல் பிறந்தவர். லண்டனுக்குப் போனபோது ஒருவருக்கு 28, மற்றவருக்கு 25 வயது. இரட்டையர் ஆட்டத்துக்கு அது நல்ல பருவம். தனியாக ஆடும்போது கால்களின் வேகம் முதலில் தேய்ந்துவிடும், ஜோடியாக ஆடும்போது சேர்ந்து கழித்த ஆண்டுகள் அந்தத் தேய்மானத்தை ஓரளவு ஈடுகட்டும். அவர்களுடைய பெரிய வெற்றி 2010 ஏப்ரலில், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நடந்த ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில் வந்தது. பெண்கள் இரட்டையர் தங்கத்தை அவர்கள் வென்றபோது இறுதியில் எதிரணியில் நின்றவர்கள் பல்கேரியாவின் பெத்யா நெதெல்சேவாவும், அவருடன் ஜோடி சேர்ந்திருந்த ரஷ்ய வீராங்கனை அனஸ்தாசியா ருஸ்கிஹும். ஆக, வலையின் இரு பக்கமும் ரஷ்யர்கள் நின்ற ஓர் இறுதி ஆட்டம் அது. ஐரோப்பாவில் இரட்டையர் பட்டம் என்றாலே டென்மார்க்கையும் இங்கிலாந்தையும் நினைக்கும் வழக்கம் இருந்த காலத்தில், இது சிறிய செய்தியன்று.

சொரோகினா பெண்கள் இரட்டையருடன் நிற்கவில்லை. லண்டனில் அலெக்சாந்தர் நிகோலாயெங்கோவுடன் கலப்பு இரட்டையரிலும் ஆடினார். ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பிரிவுகளை இழுத்துச் செல்வது உடலுக்கும் மனத்துக்கும் பெரிய பாரம். கலப்பு இரட்டையரில் பெண் பெரும்பாலும் வலைக்கு அருகில் நின்று எதிரணியின் தாழ்ந்த ஷட்டிலை வெட்டி எடுப்பவர். பெண்கள் இரட்டையரிலோ பின்கோட்டில் நின்று முப்பது, நாற்பது அடிகள் நீளும் ரேலியைத் தாங்கவேண்டியவர். ஒரே வாரத்தில் இரண்டு வேறு ஆட்டங்களை ஒரே கைகளால் ஆடியவர் அவர்.

நம் ஜுவாலா கட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும் அதே ஒலிம்பிக்கில் ஆடினார்களே. அவர்களுக்கு அந்த வாய்ப்பு ஏன் வரவில்லை?
– ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், ஓமலூர்

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் எழுதுவது எனக்கும் சற்றுக் கடினம். ஏனென்றால் இந்திய ஜோடி தகுதி நீக்கப்பட்டவர்களின் குழுவில் இல்லை. 'பி' குழுவில் இருந்தது. ஜப்பானின் மிசுகி ஃபுஜீ – ரெய்கா ககீவா, சீன தைபே என்ற பெயரில் ஆடும் தைவானின் செங் வென்-சிங் – சியென் யூ-சின், சிங்கப்பூர் ஜோடி ஆகியோர் அதில் இருந்தார்கள். இந்தியா ஜப்பானிடம் தோற்று, தைபேயையும் சிங்கப்பூரையும் வென்றது. மூன்று ஜோடிகள் இரண்டிரண்டு வெற்றியுடன் சமமாக நின்றபோது, புள்ளி வித்தியாசத்தில் ஒரே ஒரு புள்ளி குறைந்து நம்மவர்கள் வெளியேறினார்கள்.

ஜப்பான் கடைசிக் குழு ஆட்டத்தில் தைபேயிடம் தோற்ற விதம் ஐயத்துக்குரியது என்று இந்திய அணி முறையீடு செய்தது, அது ஏற்கப்படவில்லை. 'ஏ', 'சி' குழுக்களில் நடந்தது எல்லார் கண்ணுக்கும் முன்னால் நடந்தது. 'பி' குழு ஆட்டத்தில் அப்படி வெளிப்படையாக எதுவும் இல்லை. ஆகவே சட்டப்படி முறையீடு தள்ளப்பட்டதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் உங்கள் மனக்குறை நியாயமற்றது என்றும் சொல்லமாட்டேன். 2011 உலகச் சாம்பியன்ஷிப்பில், அதே வெம்ப்ளி அரங்கில், வெண்கலம் வென்ற ஜோடி அது. 2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் தங்கமும் வென்றிருந்தது. ஒரு புள்ளியால் வெளியேறியவர்களைவிட, மூன்றாம் இடத்திலிருந்து உள்ளே அழைக்கப்பட்டவர்கள் பதக்கத்தருகே போனது ஏற்பாட்டின் கோளாறு, சொரோகினாவின் கோளாறன்று.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சாய்னா நேவால் லண்டனில் வெண்கலம் பெற்றதும் ரஷ்யப் பெண்கள் வெண்கலம் பெற்றதும் ஒரே நாளில், ஆகஸ்ட் 4 அன்று. சாய்னாவுக்கு எதிரே ஆடிய வாங் சின் முதல் கேமை 21–18 என்று வென்று, இரண்டாவது கேமில் 1–0 என்று முன்னிலையில் இருந்தபோது காயத்தால் விலகினார். அந்தப் பதக்கத்தை நாம் யாரும் அதிர்ஷ்டம் என்று சொல்லித் தள்ளிவிடவில்லை. அதற்கு முன் சாய்னா ஆடிய ஆண்டுகளை எண்ணினோம். அஸ்தம்பட்டி மாணவிக்கு எழுதிய பதிலை இதனுடன் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இந்தச் சம்பவத்தின் பயனாக 2016 ரியோ போட்டியில் விதி மாறியது. குழுவில் இரண்டாம் இடம் பெற்றவர்கள் காலிறுதியில் யாருடன் மோதுவார்கள் என்பதைக் குழுச் சுற்று முடிந்தபின் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். அதனால் தோற்று இடம் பிடிப்பதில் இலாபம் இல்லாமல் போயிற்று. நீக்கப்பட்ட எட்டுப் பேரில் கிரேசியா பொலீ விளையாட்டைக் கைவிடாமல் தொடர்ந்து, டோக்கியோ ஒலிம்பிக்கில் அப்ரியானி ரஹாயுவுடன் தங்கம் வென்றார் என்பதையும் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

ரஷ்யர்கள் பனி நாட்டில் பழகியவர்கள். மலேசியா, இந்தோனேசியா வெப்பத்தில் ஷட்டில் வேறு விதமாகப் பறக்காதா? எங்கள் பள்ளி அரங்கில் சேலத்தில் வாங்கிய ஷட்டில் எப்போதும் பின்கோட்டைத் தாண்டிவிடுகிறது.
– ஆசிரியை, ஏற்காடு

உங்கள் அரங்கில் நடப்பதற்குக் காரணம் உயரம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரம் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிய மெலிய இறகுகள் உணரும் தடை குறைகிறது. மலையின் குளிர் அந்த இழப்பில் ஒரு பகுதியை மட்டுமே ஈடுகட்டும். ஷட்டில் பெட்டியில் 76, 77, 78 என்று அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள்; எண் குறைந்தால் ஷட்டில் மெதுவாகப் போகும். கீழே வாங்குவதைவிட ஓர் எண் குறைத்து வாங்கினால் உங்கள் குறை பெரும்பாலும் தீரும். சரிபார்க்க விதியில் சொன்ன முறை உண்டு: ஒரு பின்கோட்டின் மேல் நின்று, கீழிருந்து மேல் நோக்கிப் பக்கக் கோட்டுக்கு இணையாக முழு வீச்சில் அடிக்கும் ஷட்டில், எதிர்ப் பின்கோட்டுக்கு 530 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 990 மில்லிமீட்டருக்கு மிகாமலும் முன்னால் விழவேண்டும்.

குளிர் நாட்டில் இதற்கு நேர்மாறு. காற்று அடர்த்தியாக இருப்பதால் வேகமான எண்களைப் பயன்படுத்துவார்கள். ஆனால் பெரிய போட்டிகளில் ஷட்டிலைப் போட்டியாளர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. அன்றைய அரங்கின் நிலைக்கேற்ப நடுவர் குழு எண்ணை முடிவு செய்யும். ஆகவே ரஷ்யர்களுக்கு ஷட்டிலைவிட அரங்கின் குளிர்சாதனக் காற்றுதான் சிரமம் தரும். ஒரு பக்கம் அடித்தால் நீளும், மறு பக்கம் அடித்தால் குறையும். அதில் எல்லா நாட்டாரும் சமம்.

ரஷ்ய ஆண்கள் யாரும் சாதித்ததில்லையா?
– வாசகர், ஆத்தூர்

சாதித்திருக்கிறார்கள், அதுவும் பெண்களைவிடப் பெரிதாக. விளாதிமிர் இவானோவும் இவான் சோசோனோவும் 2016-இல் பர்மிங்காமில் ஆல் இங்கிலாந்து ஆண்கள் இரட்டையர் பட்டத்தை வென்றார்கள். இறுதியில் ஜப்பானின் ஹிரோயுகி எண்டோ – கெனிச்சி ஹயகாவா ஜோடியிடம் முதல் கேமை 21–23 என்று இழந்து, பின் 21–18, 21–16 என்று மீண்டார்கள். 1899-இல் தொடங்கிய அந்தப் போட்டியில் பட்டம் வென்ற முதல் ரஷ்யர்கள் அவர்களே. 197 சென்டிமீட்டர் உயரமுள்ள இவானோவ் பின்கோட்டில் குதித்து அடிக்கும் ஸ்மாஷ் செங்குத்தாக இறங்கும்; அதைத் திருப்பி எடுப்பவர் ஷட்டிலை உயர்த்தாமல் இருக்க முடியாது, உயர்ந்த ஷட்டிலைச் சோசோனோவ் வலையருகே காத்திருந்து முடிப்பார். 2014-இலும் 2021-இலும் ஐரோப்பியப் பட்டமும் அவர்களுடையது.

ஒலிம்பிக் பதக்கம் மட்டும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. ரியோவில் காலிறுதியோடு நின்றார்கள். ஆல் இங்கிலாந்து வென்ற ஆண்களைவிடச் சொரோகினா – விஸ்லோவா பெயர் பதக்கப் பட்டியலில் நிற்பது இதனால்தான். 2022 மார்ச்சில் உக்ரைன் போரை அடுத்து ரஷ்ய வீரர்களைச் சம்மேளனம் தன் போட்டிகளிலிருந்து தடை செய்தது. 2024-இல் நடுநிலைத் தனிநபர்களாக ஆட அனுமதி திரும்பியது.

ஐயா, என் மகளுக்கு வயது பதிமூன்று. ஒற்றையரைவிட இரட்டையரே அவளுக்குப் பிடிக்கிறது. பயிற்சியாளர் ஒற்றையரை விடக்கூடாது என்கிறார். உறவினர்களோ சிந்து, சாய்னா போல் பெயர் வரவேண்டுமானால் தனியாகத்தான் ஆடவேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது?
– தாய், அம்மாபேட்டை

பயிற்சியாளர் சொல்வதை இந்த வயதில் கேளுங்கள்; உறவினர் சொல்வதைக் கேட்கவேண்டாம். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

பதிமூன்று வயதில் ஒற்றையர் ஆடுவது கால் அசைவையும், பொறுமையையும், கோர்ட்டின் நான்கு மூலைகளையும் தனியே சமாளிக்கும் திடத்தையும் தரும். இரட்டையருக்குச் செல்லும்போது அதெல்லாம் வீணாகாது. பதினாறு, பதினேழு வயதில் பிரிவைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள நேரம் இருக்கிறது.

பெயரைப் பொறுத்தவரை, ஒற்றையரில் வென்றவருக்கு விளம்பரமும் கூட்டமும் மிகுதி என்பது உண்மை. ஆனால் ஒலிம்பிக் பதக்க மேடையில் இரட்டையருக்கு மூன்று பிரிவுகள் உள்ளன, ஒற்றையருக்கு இரண்டே. மகளின் திறமை எங்கே பொருந்துகிறது என்பதுதான் பார்க்கவேண்டியது. தாழ்ந்த சர்வீஸைப் பதற்றமின்றிப் போடும் கை, எதிரணியின் சர்வீஸை அரை நொடியில் தாக்கும் கண், துணையாட்டக்காரர் தவறினால் முகம் சுளிக்காத குணம் – இவை இரண்டாவது கேமில் களைத்துப்போன நேரத்திலும் நிலைக்கின்றனவா என்று கவனியுங்கள். அவற்றுள் கடைசியான குணத்தை எந்தப் பயிற்சியாளரும் கற்றுத்தர முடியாது என்பது என் எண்ணம்.

ஜோடியைத் தேர்ந்தெடுக்கும்போது பள்ளித் தோழி என்பதற்காக மட்டும் சேர்த்துவிடவேண்டாம். ஒருவர் வலையருகே விரைவும் மற்றவர் பின்னால் அடிக்கும் வலுவும் உடையவராக இருந்தால் நல்லது. இருவரும் ஒரே பயிற்சி நேரத்தில் வந்துபோக முடிகிறதா என்பது அதைவிட முக்கியம். சேலத்தில் ஒருவரும் ஓமலூரில் ஒருவரும் இருந்தால் ஜோடி ஒரு பருவத்துக்கு மேல் தாங்குவது அரிது. இருவரும் சேர்ந்து ஆடத் தொடங்கியதும், நடுக்கோட்டில் வரும் ஷட்டிலை யார் எடுப்பது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஃபோர்ஹேண்டில், அதாவது மட்டை பிடித்த கையின் பக்கம், வருபவருக்கு அது உரியது என்று பல பயிற்சியாளர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள், இடக்கை ஆட்டக்காரர் ஜோடியில் இருந்தால் அந்தக் கணக்கு ஒவ்வொரு சுழற்சியிலும் மாறும்.